கரட்டில் குடியிருக்கும் பெரும்பல்லி

பெருந்துறையைச் சுற்றிக் கரடுகளுக்குக் குறைவில்லை. தெற்கே சென்னிமலை, தென்கிழக்கே அறச்சலூர் நாகமலை, மேற்கே ஊத்துக்குளிக் கதித்தமலை, காங்கயத்தருகே சிவன்மலை, பவானிப் பக்கம் ஊராட்சிக்கோட்டை மலை. காவிரியைத் தாண்டினால் திருச்செங்கோடும் சங்ககிரியும். கோயில் உள்ள மலைக்குப் பெயர் உண்டு, படிக்கட்டு உண்டு, தேர் நாள் உண்டு. கோயில் இல்லாத கரட்டுக்குப் பெரும்பாலும் சர்வே எண் மட்டும்தான். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஏலம் விடும்போதுதான் அதைப் பற்றிப் பேச்சே எழும். அதுவரை ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த இடமாக அது கிடக்கும்.

இருட்டிய பிறகு அந்தப் பாறைகளில் நடமாடும் உயிர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. தீபகற்ப இந்தியாவின் மிகப் பெரிய பல்லிகள் வீட்டுச் சுவரில் வாழ்பவை அல்ல. அவை காட்டில் வாழ்பவை. காடு என்றதும் நாம் மரத்தைத்தான் நினைக்கிறோம். இந்தப் பல்லிகளுக்கோ மரம் இரண்டாம்பட்சம், பாறைதான் வீடு. அந்தப் பாறை மேகமலையின் மழைக்காட்டுக்குள் இருக்கலாம், முள்மரங்கள் சூழ்ந்த வறண்ட கரட்டிலும் இருக்கலாம். காடு எப்படிப்பட்டது என்பதைவிடப் பாறையில் இடுக்கு இருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம்.

வீட்டில் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சி பிடிக்கும் பல்லிக்கு மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும். புளியமரப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் சாம்பல் நிறப் பல்லி இன்னும் சற்றுப் பெரியது. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரை அறிவியல் அதற்குச் சூட்டியிருக்கிறது. பாறையில் வாழும் பெரும்பல்லிகளோ வாலை நீக்கிவிட்டு அளந்தாலே 10 சென்டிமீட்டரைத் தாண்டும். வாலோடு சேர்த்தால் விரித்த கையின் சாணுக்குள் அடங்காது. தலை அகலம், உடல் தட்டை. கண்ணுக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும், அதில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். பகலில் கண்மணி செங்குத்தான கோடாகச் சுருங்கிவிடும். இருட்ட இருட்ட அகன்று வட்டமாகும்.

இவை எல்லாம் ஹெமிடாக்டிலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டுப் பல்லியும் அதே குடும்பம்தான். உலகில் இந்தப் பேரினத்தில் 180-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இந்தியப் பல்லிகளின் மரபணுவை ஒப்பிட்டு பன்சாலும் பிரவீண் காரந்தும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துணைக்கண்டத்தில் இப்பேரினத்தின் தனிக் கிளை ஒன்று பெருகியிருப்பதையும், ஆசியா முழுவதும் பரவிய வீட்டுப் பல்லிகளின் பூர்வீகம் இந்தியாவே என்பதையும் காட்டியது. சுவரில் ஓடும் சின்னப் பல்லிக்கும் மலைப்பாறையில் இருக்கும் பெரியதற்கும் பங்காளி உறவு. ஒன்று ஊரோடு ஒட்டி உலகம் சுற்றிவிட்டது. மற்றது தன் மலையை விட்டு இறங்கவே இல்லை.

இறங்காததன் விளைவு என்ன என்பதை அறிவியல் உணர ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிடித்தன. 1871-இல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, கோதாவரிப் பள்ளத்தாக்கில் பத்ராசலத்துக்கு அருகே கிடைத்த பெரிய பல்லிக்கு 'ஜைகாண்டியஸ்' என்று பெயரிட்டார். இவர் இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணி செய்தவர். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கடல்வாழ் புதைபடிவங்களை விரிவாக எழுதிவைத்தவரும் இவரே. யார்க்கண்டு பயணம் முடித்துத் திரும்பும் வழியில், 1874-இல் லடாக்கில் இறந்தார். அவருக்கு முன்பே, 1836-இல், மேற்கு இந்தியாவின் புள்ளிப் பல்லிக்கு 'மாகுலாட்டஸ்' என்ற பெயர் வந்திருந்தது. 1937-இல் இலங்கையில் தெரணியகல மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். கிழக்கு மாகாணத்து ஒகந்தையில் கிடைத்த அந்தப் பல்லிக்குச் சிங்களத்தில் பல்லியைக் குறிக்கும் 'ஹுனா' என்ற சொல்லிலிருந்து 'ஹுனே' என்று பெயர் வந்தது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் தமிழர்கள் தங்கிச் செல்லும் ஒகந்தை முருகன் கோயில் இருக்கும் அதே ஊர்தான். இலங்கையின் மிகப் பெரிய பல்லி அது.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது, சுலபமானதுதான் கோளாறு. தென்னிந்தியாவில் எந்தப் பாறையில் பெரிய பல்லி கிடைத்தாலும் இந்த மூன்று பெயர்களில் ஒன்றை ஒட்டிவிடுவது வழக்கமானது. பெரிதாக இருக்கிறதா, ஜைகாண்டியஸ். புள்ளி இருக்கிறதா, மாகுலாட்டஸ். தெற்கே கிடைத்ததா, ஹுனே. அருங்காட்சியகச் சாராயக் குப்பிகளில் நூறாண்டு ஊறிய பல்லிகளின் சீட்டுகளில் இந்தப் பெயர்கள்தான் இருந்தன. பெரிய உடல் கண்ணை நிறைத்துவிட்டதால் நுணுக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

நுணுக்கம் தொடையடியில் இருக்கிறது. ஆண் பல்லியை மல்லாத்திப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்தொடையின் உட்புறத்தில் செதில் வரிசை ஒன்றில் ஊசி குத்தியது போன்ற துளைகள் அடுத்தடுத்து ஓடும். அவற்றிலிருந்து மெழுகு போன்ற பொருள் கசியும். தன் இடம் எது என்பதைப் பாறையில் தேய்த்து அறிவிக்க உதவுவது அது. ஒவ்வொரு தொடையிலும் எத்தனை துளைகள், இரு வரிசைக்கும் நடுவே துளையில்லாத செதில்கள் எத்தனை, முதுகில் முண்டுகள் எத்தனை வரிசை, முண்டு மழுங்கலா முனை உள்ளதா, விரலடித் தகடுகள் எத்தனை என்று எண்ணிக் குறித்தபோது, ஒரே பெயரில் இருந்த பல்லிகள் ஒத்துப்போகவில்லை. மரபணுவும் அதையே சொன்னது.

2011-இல் ஈஷான் அகர்வால், வரத் கிரி, ஆரன் பாவர் மூவரும் தென்னிந்தியக் கருங்கல் பாறைகளில் வாழும் ஒன்றை 'கிரானிட்டிகோலஸ்' என்று பிரித்தார்கள். கருங்கல்வாசி என்று பொருள். 2014-இல் ஜீஷான் மிர்சாவும் ராஜேஷ் சனப்பும், தமிழ்நாட்டின் தென்கோடியில் 'ஹுனே' என்றே வழங்கிவந்த பல்லியைத் தனிச் சிற்றினமாக்கினார்கள். முதுகின் முள் போன்ற செதில்களை வைத்து அதன் பெயர் 'அகாந்தோஃபோலிஸ்'. 2018-இல் தேனி மாவட்டத்து மேகமலையிலிருந்து சைதன்யா, அபர்ணா லாஜ்மி, வரத் கிரி ஆகியோர் விவரித்த பல்லி 'ஹெமிடாக்டிலஸ் வனம்' ஆனது. 2020-இல் திண்டுக்கல் சிறுமலையிலிருந்து 'சிறுமலையென்சிஸ்' வந்தது. பார்க்க ஒன்றுபோல் இருந்தவை மலைக்கு மலை வேறாகிவிட்டன. திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும் சிறுமலைக்குத் தனிப் பல்லி இருக்கிறது என்பது நமக்கு 2020 வரை தெரியாது.

ஏன் இப்படி? மலையை மேலிருந்து பார்க்காமல் பல்லியின் இடத்திலிருந்து பார்த்தால் விளங்கும். கருங்கல் பாறை வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, காலப்போக்கில் தகடு தகடாகப் பொரியும். கழன்றும் கழலாமலும் நிற்கும் தகட்டுக்கும் தாய்ப்பாறைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். தட்டையான உடலுக்கு அளவெடுத்தாற்போன்ற வீடு அது. சித்திரை வெயிலில் வெளிப்பாறை கால் வைக்க முடியாமல் கொதிக்கும்போதும் உள்ளே சூடு ஏறுவதில்லை. இரவில், பகல் முழுவதும் வாங்கிய சூட்டைப் பாறை மெல்ல விடுவதால் பல்லியின் குளிர்ந்த இரத்தத்துக்குக் கதகதப்புக் கிடைக்கும். பாம்பு நுழைய முடியாத ஆழத்தில் இரண்டு முட்டைகளை இட்டுவிடலாம். கோழிமுட்டை ஓடு போலக் காய்ந்து இறுகும் ஓடு என்பதால் ஈரம் குறைந்த இடத்திலும் அவை தாங்கும். பூச்சி வாசலுக்கே வரும். இப்படி ஒரு வீடு கிடைத்தபின் மலையடிவாரத்து மண்காட்டைக் கடந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த கரட்டுக்குப் போக எந்தக் கட்டாயமும் இல்லை. போகவும் முடியாது, வழியில் ஒதுங்க இடமில்லை. சமவெளியில் எழும் ஒவ்வொரு குன்றும் பல்லிக்கு ஒரு தீவு.

அபர்ணா லாஜ்மியும் காரந்தும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தீபகற்பத்தில் இந்தப் பல்லிகள் கிளைத்துப் பெருகியதை ஈயோசீன் முடிந்து ஒலிகோசீன் தொடங்கிய குளிர்ச்சிக் காலத்தோடு இணைக்கிறது. இன்றைக்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலம் அது. அன்று கிளைக்கத் தொடங்கியவை பாறை, தரை, மரம் என்று பிரிந்துபோயின. ஒரு கரட்டை வெடிவைத்துத் தகர்க்க ஆகும் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

செங்குத்துப் பாறையில் தலைகீழாக இவ்வளவு பாரத்தோடு எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்குப் பதில் சமீபத்தில்தான் கிடைத்தது. விரலடியில் இரண்டாகப் பிளந்த தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். நகமுள்ள கடைசிக் கணு அந்தத் திண்டிலிருந்து எழும்பி நிற்கும். தகடுகளில் மயிரினும் மெல்லிய இழைகள் நெருக்கமாக முளைத்திருக்கும், ஒவ்வோர் இழையின் நுனியும் மேலும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும். கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2000-இல் டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒற்றை இழையின் பிடிமான வலுவை அளந்தது. இந்தப் பிடிமானம் பசையால் வருவதல்ல, மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வான் டெர் வால்ஸ் ஈர்ப்பால் வருவது என்று 2002-இல் காட்டியது. டோக்கேயின் ஒரு காலில் இப்படி ஐந்து லட்சம் இழைகள் வரை உண்டு. சொரசொரப்பான பாறைக்கு நகமும் வழுவழுப்பான பாறைக்கு இழையும் என்று இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு இறங்கும் ஆள் நம் பெரும்பல்லி.

உலகின் மற்றப் பெரிய பல்லிகளோடு ஒப்பிட்டால் நம்முடையது நடுத்தரம்தான். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ மழைக்காடுகளில் பச்சைக் கண்ணோடு இருக்கும் 'கெக்கோ ஸ்மித்தி' ஈரக்காட்டு மரங்களின் அடிமரத்தில் வாழ்வது. அங்கே பெரிய பல்லி என்றால் மரப்பல்லி, இங்கே பாறைப்பல்லி. வடகிழக்கு இந்தியாவின் டோக்கே 30 சென்டிமீட்டரைத் தொடும். எய்ட்ஸுக்கு மருந்து என்ற ஆதாரமற்ற வதந்தியால் அது பெருமளவில் கடத்தப்பட்டது. 2019-இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரியது இன்று உயிரோடு இல்லை. பிரான்சின் மார்செய் அருங்காட்சியகத்தில், எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பே இல்லாமல், பாடம் செய்த பல்லி ஒன்று கிடந்தது. நீளம் சுமார் 60 சென்டிமீட்டர். 1986-இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அது நியூசிலாந்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதினார்கள். 2023-இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அது நியூ கலிடோனியாக் கிளையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இரண்டு ஆய்விலும் ஆரன் பாவர் இருக்கிறார். நம் கருங்கல்வாசிக்குப் பெயர் வைத்த அதே பாவர். மார்செய்ப் பல்லிக்குப் பெயர் கிடைத்தது, ஊரும் கிடைத்தது. ஆனால் பல்லியே மிச்சமில்லை.

இனி நம் சீமைக்கு வருவோம். கொங்கு நாட்டின் பல்லிக் கணக்கு 1875-இலேயே தொடங்குகிறது. சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெடோம் ஆனைமலையில் சேகரித்த பல்லி ஒன்றை லண்டனில் குந்தர் விவரித்தார். 'ஆனமல்லென்சிஸ்' என்று பெயர். 1933-இல் மால்கம் ஸ்மித் அதற்கென்றே 'திராவிடோகெக்கோ' என்ற பேரினத்தை உருவாக்கினார். உடல் சிறியது, ஆனால் அசல் காட்டுப் பல்லி. 1995-இல் அதை ஹெமிடாக்டிலஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2019-இல் சைதன்யாவும் உடனாய்வாளர்களும் மறுபடி பிரித்தார்கள், பிரித்ததோடு புதிதாக ஆறு சிற்றினங்களையும் சேர்த்தார்கள். 144 ஆண்டுகள் ஒற்றை ஆளாக இருந்தது ஒரே கட்டுரையில் ஏழானது. அவற்றில் ஒன்றின் பெயர் 'ஜானகியே'. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் நினைவாக வைத்தது.

ஆனைமலை பெரிய மலை, அங்கே புதிய உயிர் கிடைப்பதில் வியப்பில்லை என்பார்கள். 2000-இல் ஏற்காட்டிலிருந்து 'நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்' என்ற குட்டிப் பல்லியும், 2019-இல் கொல்லிமலையிலிருந்து 'ஹெமிடாக்டிலஸ் கொல்லியென்சிஸ்' பல்லியும் வந்தன. அவையும் மலைதான், சரி. ஆனால் கொல்லிமலைப் பல்லி அறிவிக்கப்பட்ட அதே கட்டுரையில் 'ஹெமிடாக்டிலஸ் சங்காரியென்சிஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஊர், நம் சங்ககிரி.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சங்ககிரி யாரும் காணாத காடு அல்ல. பெருந்துறை வழியாகப் போகும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை அதையும் தொட்டுத்தான் போகிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை அங்கே இருப்பதால் ஆடிப் பதினெட்டுக்குக் கொங்கு நாடே திரளும் இடம். அப்படிப்பட்ட வட்டாரத்தில் அறிவியலுக்குத் தெரியாத ஒரு பல்லி 2019 வரை இருந்திருக்கிறது. அது பெரும்பல்லி இல்லை, சிறியதுதான். ஆனால் பெரும்பல்லிகள் சொல்லும் கதையையே இதுவும் சொல்கிறது. வனத்துறை வரைபடத்தில் பச்சை பூசிய இடத்தில் மட்டும் அரிய உயிர்கள் இருப்பதில்லை. பேருந்து ஜன்னல் வழியே தெரியும் மொட்டைக் கரட்டிலும் இருக்கும்.

பச்சை பூசிய இடங்களுக்கு நம் மாவட்டத்தில் குறை சொல்ல முடியாது. சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகம் ஆனது. அந்தியூர், பர்கூர் மலைகளில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் புலிக்கும் அது போதும், அவை நடந்து போகும். பாறைப்பல்லி நடந்து போகாது. பர்கூரைக் காப்பாற்றியதால் சமவெளிக் கரட்டில் இருக்கும் பல்லிக்கு எந்த நன்மையும் இல்லை.

சமவெளிக் குன்றுகளைக் காக்க வேறொரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் தலமானது. குடைவரைக் கோயிலும் சமணப் படுகையும் பாறைக் குன்றுகளும் சேர்ந்த ஊர் அது. 2025-இல் கோபிசெட்டிபாளையம் பக்கத்து எலத்தூரில் உள்ள நாகமலைக் குன்று அந்த வரிசையில் சேர்ந்தது. அறச்சலூரிலும் ஒரு நாகமலை உண்டு என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் ஒன்று, மலை வேறு. அறச்சலூர் மலைக்குகையில்தான் புலவர் செ. இராசு வெளிக்கொணர்ந்த தமிழ்ப் பிராமி இசைக் கல்வெட்டு இருக்கிறது. சமணத் துறவிகள் படுத்த இயற்கைக் குகைகளும் பல்லி குடியிருக்கும் இடுக்குகளும் ஒரே பாறை பொரிந்ததால் உண்டானவை. கல்வெட்டைக் காக்க மலையைக் காத்தால் பல்லியும் பிழைக்கும்.

கல்வெட்டும் கோயிலும் இல்லாத கரடுகளின் கதிதான் கவலை. சுற்றுச்சூழல் அனுமதி விதிகளில், தனியாக 5 ஹெக்டேருக்குள் அடங்கும் சிறு கனிமக் குவாரி 'பி2' வகையில் வரும். அந்த வகைக்கு முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கை கட்டாயமில்லை. அறிக்கை தயாராகும் இடத்திலும், உயிரினப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் காகம், மைனா, கீரிப்பிள்ளை, ஓணான் என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பெயர்களே இருக்கும். பகல் பதினோரு மணிக்குக் கரட்டுக்குப் போனால் ஓணான்தான் தெரியும். பல்லி இரவு எட்டு மணிக்குத்தான் வாசலுக்கு வரும்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. பல்லி சொன்னால் நின்று கேட்கிற நாம், பாறையில் பெரிய பல்லியைக் கண்டால் விஷம் என்று கல்லால் அடிக்கிறோம். இந்தியாவில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாட்டால் வாந்தி வந்தால் அதற்குக் காரணம் அது சுமக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளாக இருக்கலாம், விஷம் அல்ல. கரட்டுப் பல்லியோ நம் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வருவதில்லை.

குவாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கான்கிரீட் வீட்டில் உட்கார்ந்திருப்பது நேர்மையாகாது. கல் வேண்டும்தான். எந்தக் கரட்டை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் முன் கரட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் இருக்கிறது. கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு கரட்டிலும் மழைக்கு முன் ஓர் இரவும் மழைக்குப் பின் ஓர் இரவும் தலைவிளக்கோடு போய்ப் பார்த்து, கண்ட பல்லியைப் படமெடுத்து, அளவெடுத்துப் பதிவுசெய்வது பெருஞ்செலவுள்ள காரியம் அல்ல. அந்தப் பதிவு இல்லாத கரட்டுக்குக் குத்தகை ஆணை கொடுக்கக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். கிராம சபையில் இதைக் கேட்டுத் தீர்மானம் போட எந்த ஊருக்கும் உரிமை இருக்கிறது.